மிஸ் பிள்ளைக்குக் கைராசி இருந்ததில்லை

மிஸ் பிள்ளை இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு லாரி ஓட்டுநரின் விறைத்துப்போன தோளுக்குக் கப்பிக் கயிற்றில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். காலை ஒன்பது மணி இருக்கும். அவருடைய தம்பி ஆறுமுகம் காஜா பேராங்கிலிருந்து சைக்கிளில் வந்து, எங்கள் பிசியோதெரபி அறையின் வாசலிலேயே நின்றுவிட்டார். "அக்கா இல்லை" என்று மலாயில் சொன்னார். மிஸ் பிள்ளை இரண்டு மாதமாக இருதய நோயோடு விடுப்பில் இருந்தவர்தான். ஆனாலும் நாற்பத்தைந்து வயது சாகிற வயதா?

லாரிக்காரர் நல்ல மனிதர். "போங்க சார், நா நாளைக்கு வரேன்" என்றார். நான் போகவில்லை. ஒரு நோயாளியைக் கயிற்றில் பாதி தூக்கிவிட்டுக் கிளம்பியிருந்தால் மிஸ் பிள்ளை பாடையிலிருந்து எழுந்து வந்து ஏசியிருப்பார். லாரிக்காரருக்குப் பயிற்சி முழுவதையும் முடித்து, மறுநாள் வரச் சொல்லி அனுப்பிய பிறகுதான் வெள்ளை அங்கியைக் கழற்றினேன்.

காஜா பேராங்கில் செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியில் அவர் வீட்டு வாசல் நிறைய ஆட்கள். கெபாயா என்ற மலாய் மேற்சட்டை உடுத்த உறவுக்காரப் பெண்கள் ஒருபுறம், எங்கள் ஆஸ்பத்திரித் தாதியர் ஒருபுறம், அவரிடம் நடை பழகியவர்கள் இன்னொருபுறம். எல்லார் வாயிலும் ஒரே சொல்தான்: கைராசி. "தொட்டாப் போதும், நோவு எங்கன்னு அந்தக் கைக்குத் தெரியும்" என்றார் ஒருவர். ஆஸ்பத்திரி சார்பில் பேசியவர் அதற்கும் ஒரு படி மேலே போனார். ஒரு தோட்டத்துப் பிள்ளை முட்டி வலி என்று வந்தபோது, மிஸ் பிள்ளை தொட்ட மாத்திரத்தில் நோய் இடுப்பில் இருப்பதைக் கண்டுபிடித்தார் என்றார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

அது உண்மையில்லை. அவர் தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடிக்கவில்லை. நான்கு வாரம் ஆயிற்று. ஏன் நான்கு வாரம் ஆயிற்று என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்துக்கொண்டு, நானும் தலையை ஆட்டினேன். இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரோடு வேலை செய்தவர்கள். அன்று நான் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு ஈடாக இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் பயிற்சி முடித்து மிஸ் பிள்ளை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, நான் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸராக இருந்தேன். அவருக்கு ஓர் ஆள் வேண்டும் என்று என்னை அந்த அறைக்கு மாற்றினார்கள். உண்மையில் அவருக்கு வேண்டியிருந்தது என் கையல்ல, என் நாக்கு. பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து மலாய்க்காரரோடு கலந்துவிட்ட செட்டிக் குடும்பத்தில் பிறந்தவர். நெற்றியில் பொட்டு, கழுத்தில் மாரியம்மன் பதக்கம், பெயரில் பிள்ளை. ஆனால் வீட்டில் பேசுவது மலாய். தமிழில் அவருக்கு இருபது சொல் தெரிந்தால் அதிகம். நோயாளிகளில் பாதிப்பேர் தமிழர்கள். தோட்டத்துப் பெண்கள் அவர் பொட்டைப் பார்த்து மடமடவென்று தமிழில் கொட்டுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டுவார். "ஏன் மிஸ்ஸி, ஒங்க ஆத்தா ஒங்களுக்குத் தமிழ் சொல்லித் தரலியா?" என்று ஒரு கிழவர் கேட்டதை நான் மொழிபெயர்த்தபோது, "என் அம்மாவுக்கே யாரும் சொல்லித் தரவில்லை என்று சொல்லுங்கள் மிஸ்டர் ராமையா" என்றார். கிழவர் சிரித்த சிரிப்பில் இடுப்புப் பட்டை அவிழ்ந்துவிட்டது.

அவர் வேலை செய்யும் முறை முதலில் எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. டாக்டர் சீட்டில் 'வலது மணிக்கட்டு, மெழுகுச் சூடு' என்று இருந்தால், மெழுகைக் காய்ச்சுவது என் வழக்கம். ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடை ஒன்றில் தைக்கும் தையல்காரர் ஒருவர் அப்படியொரு சீட்டோடு வந்தார். விரல்கள் மரத்துப்போகின்றன, ஊசி பிடிக்க முடியவில்லை. நான் மெழுகுச் சட்டியைத் திறக்கப் போனேன். மிஸ் பிள்ளை மூடியைத் திரும்பப் போட்டு மூடினார். "கை வைக்கும் முன் மூன்று காரணம் சொல்லுங்கள்" என்றார். மணிக்கட்டு என்றேன். "அது டாக்டர் எழுதியது. உங்கள் காரணம்?" முழங்கையாக இருக்கலாம் என்றேன். "மூன்றாவது?" எனக்குத் தெரியவில்லை. "எனக்கும் தெரியவில்லை. மூன்றாவதை எப்போதும் அவர்கள்தான் சொல்வார்கள். கேளுங்கள்" என்று தையல்காரரைக் காட்டினார்.

கேட்டேன். எந்த நேரத்தில் மரக்கிறது, எந்த விரல், என்ன செய்தால் குறைகிறது. நான் ஒரு கேள்வியை மொழிபெயர்த்து முடித்ததும், "லாகி?" என்பார். இன்னும் என்ன சொன்னார் என்று அர்த்தம். தையல்காரர் சலித்துப்போய், "என்ன சார் போலீஸ் விசாரணையா? ராத்திரி கொழந்தையத் தூக்கித் தோள்ள போட்டுக்கிட்டு மோட்டுவளையப் பாத்தா அப்பத்தான் ரொம்ப மரக்குது, போதுமா?" என்றார். மிஸ் பிள்ளை அவரை உட்கார வைத்துக் கழுத்தைப் பின்னால் சாய்த்து வலப்பக்கம் மெல்லத் திருப்பினார். மூன்றே விநாடியில் தையல்காரர், "ஐயோ, இதான், இதேதான்" என்று கத்தினார். கோளாறு கழுத்தில் இருந்தது. மிஸ் பிள்ளை அதோடு விடவில்லை. மணிக்கட்டையும் முழங்கையையும் தட்டி, மடக்கி, அழுத்திப் பார்த்தார். எதற்கு என்றேன். "என் யோசனை சரி என்பதற்குச் சாட்சி தேடினால் எப்படியும் கிடைத்துவிடும். தவறு என்பதற்குத் தேடிப் பார்க்கிறேன்" என்றார்.

அவர் தவறியதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர் முதுகு வலி என்று வந்து ஒரு மாதமாகியும் குணமாகவில்லை. ஆள் நடிக்கிறார் என்று மிஸ் பிள்ளை முடிவு கட்டிவிட்டார். அவருக்கு வாய்த்துடுக்கும் உண்டு, பாதிக்கப்பட்ட தாதியருக்குத் தெரியும். போலீஸ்காரரிடமும் ஏதோ குத்தலாகச் சொன்னார். அந்த வாரக் கடைசியில் போலீஸ்காரரின் கால் பெருவிரலைத் தூக்கச் சொல்லிச் சோதித்தபோது விரல் எழும்பவில்லை. அழுத்தப்பட்ட நரம்பு. மிஸ் பிள்ளையின் முகம் சிறுத்துவிட்டது. அறையில் ஏழெட்டு நோயாளிகள் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கும்படி, "பாக்சிக்" என்று மாமா முறை சொல்லி அழைத்து, "நான் உங்களைத் தவறாக நினைத்துவிட்டேன், மன்னியுங்கள்" என்றார். தவற்றை நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்வது அவர் வழக்கம். நானோ யாருக்கும் தெரியாமல் திருத்திக்கொண்டு போகிற ரகம்.

இனி அந்தத் தோட்டத்துப் பிள்ளை.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்கு விடுதலை, வந்த வருஷம் அது. புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து பால்மரம் வெட்டும் பார்வதி என்பவர் தன் ஒன்பது வயது மகள் சரோஜாவைப் பஸ்ஸில் அழைத்து வந்தார். சீட்டில் 'வலது முட்டி, சுளுக்கு' என்று இருந்தது. அன்றைக்கென்று புதிதாக வந்திருந்த ஆங்கிலேய டாக்டர் ஒருவர் எங்கள் அறையைப் பார்வையிட வந்து ஓரமாக நின்றிருந்தார். அதனால் நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

பார்வதி நிறையப் பேசினார். "கான்ல விழுந்துட்டா சார். விழுந்ததுலேர்ந்து முட்டி நோவுதுங்கிறா. அதுகூடப் பரவால்ல. தூங்கையில திடீர்னு அலறுறா சார். கண்ணு முழிக்காமலே அலறுறா. ஆத்தங்கரையில எதையோ பாத்துப் பயந்துட்டான்னு பூசாரிக்கிட்டக் கூட்டிட்டுப் போய்க் கயிறு கட்டினேன். மூணு கயிறு கட்டியாச்சு, நிக்கல. பேயா இருக்குமோன்னு பயமா இருக்கு."

அப்போது நான் ஒரு வாசகர் மன்றத்தில் இருந்தேன். வாராவாரம் கூடி, பேய், மந்திரம், கயிறு இதையெல்லாம் விட்டொழித்தால்தான் புது நாட்டில் தமிழன் தலைநிமிர முடியும் என்று பேசுவோம். நானே இரண்டு முறை மேடையேறிப் பேசியிருக்கிறேன். அந்த ஆங்கிலேயர் காதில் பேய், பூசாரி என்ற சொற்கள் விழுவதை நினைக்கவே எனக்கு உடம்பு கூசியது. அதனால் நான் சொன்னது இவ்வளவுதான்: சாக்கடையில் விழுந்தாள், அதிலிருந்து முட்டி வலிக்கிறது.

மிஸ் பிள்ளை என்னைப் பார்த்தார். "அவ்வளவு நேரம் பேசினாரே. லாகி?"

"மற்றதெல்லாம் குடும்பக் கதை" என்றேன்.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மிஸ் பிள்ளை தலையசைத்துவிட்டு முட்டியைச் சோதிக்கத் தொடங்கினார்.

வாரம் இருமுறை அவர்கள் வந்தார்கள். முட்டிக்கு விளக்குச் சூடு, தொடைக்குப் பயிற்சி. சரோஜா சமர்த்தான பிள்ளை. வலித்தாலும் உதட்டைக் கடித்துக்கொள்வாள். ஒருநாள் யாரோ கொடுத்த காகிதக் கொடியோடு வந்து, காலைத் தூக்கும்போதெல்லாம் கொடியையும் தூக்கினாள். நான்காவது வாரம் மிஸ் பிள்ளை விளக்கை அணைத்தார். "முட்டி நன்றாக இருக்கிறது. பிள்ளை நன்றாக இல்லை. நாம் தவறான இடத்தில் நிற்கிறோம்" என்றார். பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னார். நொண்டல் முட்டியிலிருந்து வரவில்லை. வலது தொடை இளைத்திருந்தது. மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்து இரு காலையும் நீட்டியபோது, நடுமுதுகு வில் மாதிரி மேசையை விட்டு எழும்பியது. முட்டியை மடக்கிப் பிடித்துக்கொண்டு தொடையை மெல்ல உள்பக்கமாகத் திருப்பினார். சரோஜா மேசையின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படித் தூங்குகிறாள் என்று கேளுங்கள்" என்றார் மிஸ் பிள்ளை.

கேட்டேன். பார்வதி என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, "அதான் சார், ராத்திரியில அலறுறான்னு..." என்று ஆரம்பித்தார். இந்த முறை ஒரு சொல்லையும் விடாமல் மலாயில் சொன்னேன். பேயையும் சொன்னேன். மிஸ் பிள்ளை சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. சிங்கப்பூரில் இப்படி இரண்டு பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாராம். இடுப்பு மூட்டில் நோய் இருந்தால் பிள்ளைகளுக்கு முட்டியில்தான் வலி தெரியும். விழித்திருக்கும்போது தசைகள் அந்த மூட்டை அசையவிடாமல் இறுக்கிப் பிடித்திருக்கும். தூக்கத்தில் பிடி தளர்ந்ததும் மூட்டு அசையும், அப்போது அலறல் வரும். இதை அவர் பார்வதிக்குச் சொல்லச் சொன்னார். "நீங்கள் பார்த்தது சரி. பெயர்தான் வேறு என்று சொல்லுங்கள்" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டார். "இதை முதல் நாளே சொன்னாரா?"

"இல்லை" என்றேன். "இப்போதுதான் சொல்கிறார்."

இதுதான் நான் எழுத வந்தது. முதல் நாள் மறைத்ததற்கு வெட்கம் என்று ஒரு சாக்காவது இருந்தது. இந்தப் பொய்க்கு என் தோலைக் காப்பாற்றிக்கொள்வதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

அன்றே எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பு மூட்டில் காசநோய். சரோஜாவை வார்டில் சேர்த்து, ஊசி போட்டு, மாவுக்கட்டில் பல மாதம் கிடத்தினார்கள். உயிருக்கு ஆபத்து வரவில்லை. இடுப்பு மடங்காமல் நின்றுவிட்டது, ஒரு கால் குட்டையாயிற்று. நான்கு வாரம் முந்தியிருந்தால் எவ்வளவு மாறியிருக்கும் என்று டாக்டரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். ஒன்றும் மாறியிருக்காது என்று அவர் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அடுத்த வாரம் மிஸ் பிள்ளை ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தார். நோயாளி சொல்வதை நான் முதலில் தமிழிலேயே, அவர்கள் சொன்ன சொல்லிலேயே, தனித் தாளில் எழுத வேண்டும். அதைப் பார்த்து அவருக்கு வாசித்து மொழிபெயர்க்க வேண்டும். "உங்களுக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியாதே, எதற்கு இது?" என்று கேட்டேன். "நீங்கள் எத்தனை வரி எழுதுகிறீர்கள் என்று எண்ணத் தெரியும்" என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எட்டு வருஷம் அப்படி எழுதினேன். பூசாரி, கயிறு, கெட்ட கனவு, மாமியார் சாபம், எல்லாவற்றையும் எழுதினேன். அதில் பத்துக்கு ஒன்றாவது எங்களை நோயிடம் கொண்டுபோய்விட்டது. அறைக்கு நல்ல பெயர் வந்தது, அவருக்குக் கைராசி என்ற பெயர் வந்தது. அந்தச் சொல்லைக் கேட்டாலே அவருக்குக் கோபம் வரும். "ராசி என்றால் எனக்குப் பிறகு வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? கேட்கக் கற்றுக்கொள்ள முடியும், ராசியைக் கற்றுக்கொள்ள முடியுமா?" என்பார்.

இறுதிச் சடங்கு முடிந்த மூன்றாம் நாள் நான் பஸ் ஏறி அந்தத் தோட்டத்துக்குப் போனேன். செத்தவரைப் பற்றிப் பொய் சொல்லிப் புகழ்கிறார்கள், அந்தப் பொய்க்குள் என் பொய் பத்திரமாக ஒளிந்திருக்கிறது. அது எனக்குப் பொறுக்கவில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், அவர்கள் வீட்டு வாசலில் சரோஜா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பதினேழு வயது. ஒரு செருப்பின் அடி உயரமாக இருந்தது. "பசியாறிட்டீங்களா சார்?" என்றபடி பார்வதி வெளியே வந்தார். அவர்களுக்கும் செய்தி எட்டியிருந்தது. உட்காரச் சொன்னார்கள். நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். முதல் நாள் அவர் சொன்னதை நான் சொல்லவில்லை என்றேன். பிறகு கேட்டபோது, அவர் சொல்லவே இல்லை என்று பொய் சொன்னேன் என்றேன். தயார் செய்து வைத்திருந்த மற்ற வாக்கியங்கள் மறந்துபோயின.

சரோஜா மெஷினை நிறுத்தினாள். பார்வதிதான் பேசினார்.

"மொத நாளு சொன்னத நீங்க சொல்லலன்னு எனக்குத் தெரியும் சார். புள்ளைய வார்டுல சேத்த அந்த ஞாயித்துக்கெழமையே மிஸ்ஸி இங்க வந்துட்டாங்களே. தனியா, பஸ்ஸுல. எனக்குத் தெரிஞ்ச மலாய்ல, அவங்களுக்குத் தெரிஞ்ச தமிழ்ல பேசிக்கிட்டோம். மொத நாளே அலறுறத சொன்னியான்னு கேட்டாங்க. சொன்னேன்னேன். அப்படியே இதோ இந்தப் பலகையில ஒக்காந்துட்டாங்க. 'என் தப்பு அம்மா. நான் இன்னொரு வாட்டி கேக்கல. என் தப்பு'ன்னாங்க. கையப் புடிச்சிக்கிட்டு அழுதாங்க சார்."

"என்னைப் பற்றி?"

"ஒங்களப் பத்தி ஒண்ணுமே சொல்லல. நானாத்தான் கேட்டேன், அந்த சார் சொல்லலியான்னு. 'அவர் நல்ல ஆள்'னாங்க. அதோட எந்திரிச்சிட்டாங்க."

எனக்கு ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது. மலாய் தெரியுமே, முதல் நாளே நேராக மிஸ்ஸியிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். பார்வதிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "தமிழாளு நீங்க பக்கத்துல நிக்கையில நா ஏன் சார் மலாய்ல திக்கணும்?" என்றார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் கணக்காக யோசித்துப் பார்த்தேன். அந்த ஞாயிறு முதல் அவருக்கு எல்லாம் தெரியும். திங்கட்கிழமை காலை அவர் என்னிடம் வழக்கம்போலப் பேசினார். எட்டு வருஷம் என் வாய்வழியாகவே நோயாளிகளைக் கேட்டார். எத்தனை பேர் இருந்தாலும் தன் தவற்றை உரக்கச் சொல்கிற மனுஷி, இந்த ஒன்றை மட்டும் ஊருக்கு வெளியே, யாரும் கேட்காத இடத்தில் போய்ச் சொன்னார். ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என் பக்கம் திரும்பியிருக்கும். என் வேலை போயிருக்கும்.

பார்வதி என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கிளம்பும்போது சரோஜா வாசல்வரை நடந்து வந்து, "இந்தக் காலு மிஸ்ஸி தப்பாலதான்னே இத்தனை நாளு நெனச்சிக்கிட்டு இருந்தேன் சார்" என்றாள்.

அவரோடு வேலை செய்தவர்களே, அவர் நினைவாக ஆளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆறுமுகம் எனக்கு அவருடைய கைக்கடிகாரத்தைத் தந்தார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் எட்டு வருஷம் தன் பெயரில் வைத்திருந்த தவறு ஒன்று இருக்கிறது. ஒரு பிள்ளை அவரை அதற்காகக் குறைசொல்லிக்கொண்டே வளர்ந்திருக்கிறது. அது என்னுடையது. மிஸ் பிள்ளையிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அதை மட்டும்தான்.